கால்வாசி வாக்கு, அரைவாசி ஆசனம்: வடக்கு கிழக்கில் விகிதாசார முறை செய்ததும் இனிச் செய்யப்போவதும்

கேட்கப்பட்டது இதுதான்: விகிதாசாரத் தேர்தல் முறை வந்தபிறகு இலங்கையின் வடக்கு கிழக்கில் தொகுதிகள் என்ன ஆயின, முடிவுகள் எப்படி மாறின? பேசப்படுகிற கலப்பு முறை (பாதி தொகுதி, பாதி பட்டியல் என்ற மாதிரி) வந்தால் தமிழருக்கு லாபமா நட்டமா?

விகிதாசாரம் என்றால் வாக்கின் பங்குக்கு ஏற்ப ஆசனம்; தொகுதிவாரி என்றால் தொகுதியில் கூட வாக்கெடுத்தவருக்கே ஆசனம். நம்மில் பலர் "விகிதாசாரம் சிறுபான்மைக்கு நல்லது, தொகுதிவாரி பெரும்பான்மைக்கு நல்லது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். வடக்கு கிழக்கின் கணக்கை எடுத்துப் பார்த்தால் அது பாதிதான் சரி. முறையின் பெயர் அவ்வளவு முக்கியமில்லை. ஒரு தேர்தல் மாவட்டத்துக்கு எத்தனை ஆசனம், எல்லைக் கோட்டை யார் கீறுகிறார்கள் என்ற இரண்டும்தான் முடிவை நிர்ணயிக்கின்றன. சந்தேகமிருந்தால் 2024 நவம்பர் 14 பொதுத்தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் நடந்ததைப் பாருங்கள்.

அந்த மாவட்டத்துக்கு 6 ஆசனங்கள். போட்டியிட்டவை 44 பட்டியல்கள். பட்டியலுக்கு 9 பேர் வீதம் 396 வேட்பாளர்கள். செல்லுபடியான வாக்குகள் ஏறத்தாழ 325,300. தெற்கை மையமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னத்துக்கு 80,800, தமிழரசுக் கட்சியின் வீட்டுக்கு 63,300, தமிழ்க் காங்கிரஸின் சைக்கிளுக்கு 28,000, சுயேச்சைக் குழு 17 க்கு 27,900, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியின் சங்குக்கு 22,500, ஈ.பி.டி.பி.யின் (ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி) வீணைக்கு 17,700. எல்லாமே கிட்டத்தட்டத்தான். மற்றவை எல்லாம் 5 வீதத்துக்குக் கீழே.

திசைகாட்டிக்குக் கிடைத்தது 25 வீதத்துக்கும் சற்றுக் குறைவான வாக்கு. ஆசனமோ 3, அதாவது 50 வீதம். விகிதாசாரம் என்று பெயர் வைத்த முறையில் இது எப்படி நடந்தது?

அரசியலமைப்பின் 99 ஆம் உறுப்புரை சொல்கிற வழி இது. மாவட்டத்தில் முதலாவதாக வந்த பட்டியலுக்கு ஓர் ஆசனம் எடுத்த எடுப்பிலேயே போய்விடும். போனஸ் ஆசனம் என்று நாம் சொல்வது அதைத்தான். பிறகு 5 வீத வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற எல்லோருடைய வாக்குகளும் கணக்கிலிருந்து கழிக்கப்படும். மிஞ்சிய வாக்கை மிஞ்சிய ஆசனங்களால் வகுத்து, ஓர் ஆசனத்துக்கு எத்தனை வாக்கு என்று கண்டுபிடிப்பார்கள். அந்த முழு அளவை எட்டியவர்களுக்கு அதன்படி கொடுத்துவிட்டு, மீதி ஆசனங்களைப் பெரிய எச்சம் (மிஞ்சிய வாக்கு) யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்குக் கொடுப்பார்கள்.

யாழ்ப்பாணத்தில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய ஆறு பட்டியல்களின் கூட்டுத்தொகை சுமார் 240,200. போனஸ் போக ஆசனம் 5. வகுத்தால் ஓர் ஆசனத்தின் விலை 48,000 வாக்கு. திசைகாட்டிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. இப்போது திசைகாட்டியிடம் மீதி 32,800, வீட்டிடம் மீதி 15,300. மிச்சமுள்ள மூன்று ஆசனங்களும் எச்சத்தின் வரிசையில் திசைகாட்டி, சைக்கிள், சுயேச்சைக் குழு 17 என்று போய்ச் சேர்ந்தன. சங்கு 22,500 வாக்கோடு வெறுங்கையாக நின்றது.

இனி அதே வாக்குகளை வைத்து விதியை மட்டும் மாற்றிப் பார்ப்போம். போனஸ் இல்லை, ஆறு ஆசனமும் வாக்கின்படியே என்றால் ஆசனத்தின் விலை 40,000 ஆக இறங்கும். திசைகாட்டிக்கு 2, ஆனால் எச்சம் அநேகமாக ஒன்றுமில்லை. வீட்டுக்கு 1, எச்சம் 23,300. அந்த எச்சம் சங்கின் 22,500 ஐ எண்ணூறு வாக்களவில் முந்திவிடும். முடிவு: திசைகாட்டி 2, வீடு 2, சைக்கிள் 1, சுயேச்சை 1. அதாவது போனஸ் ஆசனம் தமிழரசுக் கட்சியிடமிருந்து ஒரு கதிரையைத் தூக்கித் தேசிய மக்கள் சக்தியிடம் கொடுத்திருக்கிறது.

வெட்டுப்புள்ளியையும் எடுத்துவிட்டால்? ஆசனத்தின் விலை 54,200 ஆகும். திசைகாட்டி 2, வீடு 1, சைக்கிள் 1, சுயேச்சை 1, சங்கு 1. மூன்று விதி, மூன்று முடிவு. ஒரு வாக்காளர்கூடத் தன் புள்ளடியை மாற்றவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். வெட்டுப்புள்ளியில் கழிக்கப்பட்ட வாக்குகள் மட்டும் 85,000 அளவில் வரும். முதலிடம் வந்த கட்சி எடுத்த வாக்கைவிட அது கூடுதல்! செல்லாத வாக்குகள் முப்பதாயிரத்துக்கும் மேல் என்பது தனிக்கதை. 44 பட்டியலும், வேட்பாளருக்குப் புள்ளடியிடும் விருப்பு எண்களும் அடைத்த அந்த நீளக் கடதாசியைப் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது. சுயேச்சைக் குழுவாக இறங்குவது சுலபம், செலவும் குறைவு. ஆனால் பத்துப் பேர் தலைக்கு மூவாயிரம் வாக்கு எடுத்தால் அந்த முப்பதாயிரமும் கணக்கிலேயே வராது, ஆசனத்தின் விலை இறங்கும், இறங்கிய விலையில் வாங்குகிறவர் முதலாவதாக வந்தவராகத்தான் இருப்பார். 2024 இல் யாழ்ப்பாணத்தில் திசைகாட்டி அலை அடித்தது என்பதை நான் மறுக்கவில்லை. அந்த அலை இரண்டு ஆசனத்துக்குரியது. மூன்றாவதைக் கொடுத்தது சட்டப் புத்தகம்.

போனஸ் விஷயத்தில் நாம் போதிய அளவு கோபப்படவில்லை என்பது என் எண்ணம். கம்பஹாவில் 19 ஆசனத்தில் ஒன்று போனஸ் என்றால் அது 5 வீதம். யாழ்ப்பாணத்தில் ஆறில் ஒன்று, அதாவது 17 வீதம் அளவில். திருகோணமலையில் நான்கில் ஒன்று, 25 வீதம். ஒரே சட்டம்தான், ஆனால் மாவட்டம் சிறுக்கச் சிறுக்க அதன் கனம் கூடுகிறது. சிறிய மாவட்டங்களில் கணிசமானவை எங்கே இருக்கின்றன என்று நான் சொல்லத் தேவையில்லை. போனஸ் எல்லா இடத்திலும் முடிவைப் புரட்டிவிடும் என்றும் எண்ண வேண்டாம். 2024 இல் திருகோணமலையில் போனஸ் இல்லாமல் போட்டுப் பார்த்தாலும் தேசிய மக்கள் சக்தி 2, ஐக்கிய மக்கள் சக்தி 1, தமிழரசு 1 என்ற அதே விடைதான் வருகிறது. வாக்கு ஆறேழு துண்டாகச் சிதறுகிற இடத்தில்தான் அது கடிக்கும்.

இப்போது பின்னால் போவோம். சுதந்திரத்தோடு வந்த சோல்பரி யாப்பின் காலத்தில் தொகுதி எப்படிப் பிரிக்கப்பட்டது என்பதே ஒரு சுவையான கணக்கு. 75,000 பேருக்கு ஓர் ஆசனம், அதற்கு மேல் ஒவ்வோர் ஆயிரம் சதுர மைலுக்கும் ஓர் ஆசனம். ஆள் குறைந்து நிலம் விரிந்த வடக்குக்கும் கிழக்குக்கும் அது கை கொடுத்தது. இதே கணக்கு மலையகத்தில் வேறு வேலை செய்தது. 1948 குடியுரிமைச் சட்டத்தோடு தோட்டத் தொழிலாளரின் வாக்கு பறிபோனது. ஆனால் தொகுதி பிரிக்கும்போது தலை எண்ணுவதில் அவர்களும் சேர்த்தி. அவர்களுடைய தலைக்குக் கிடைத்த ஆசனத்தைப் பக்கத்துச் சிங்களக் கிராமத்தவர் தெரிவு செய்தார்கள். தொகுதிவாரி முறையில் எல்லைக் கோடு எவ்வளவு சத்தமில்லாமல் வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

தொகுதிவாரி முறையின் உச்சம் 1977. ஐக்கிய தேசியக் கட்சி 51 வீத வாக்கோடு 168 இல் 140 ஆசனம் எடுத்தது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு ஏறத்தாழ 30 வீத வாக்கு, 8 ஆசனம். தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 7 வீதத்துக்கும் குறைந்த வாக்கு, 18 ஆசனம். கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானது அப்படித்தான். சுதந்திரக் கட்சியின் வாக்கு நாடெங்கும் பரந்து கிடந்ததால் எங்கும் இரண்டாமிடம். கூட்டணியின் வாக்கு ஒரே மூலையில் செறிந்திருந்ததால் யாழ் மாவட்டத்தின் 11 தொகுதிகள், மன்னார், வவுனியா, முல்லைத்தீவு என்று வடக்கின் 14 உம் முழுதாக வந்து விழுந்தன. கிழக்கிலிருந்து 4. செறிந்து வாழும் சிறுபான்மைக்குத் தொகுதிவாரி முறை கெடுதல் செய்யாது, சில வேளை அள்ளியும் கொடுக்கும். "விகிதாசாரம்தான் நமக்கு நல்லது" என்பது வடக்கைப் பொறுத்தவரை பாதி உண்மை என்று மேலே சொன்னது இதனால்தான்.

ஆனால் அந்த 18 ஐ நினைத்து ஏங்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1977 இல் தமிழ்க் கட்சிகள் ஒரே சின்னத்தின் கீழ் நின்றன. அதற்கு முன் 1965 இலும் 1970 இலும் தமிழரசுக் கட்சியும் தமிழ்க் காங்கிரஸும் தொகுதிக்குத் தொகுதி முட்டி மோதிக்கொண்டவைதான். 1970 இல் வட்டுக்கோட்டையில் தமிழரசுக் கட்சியின் அமிர்தலிங்கம் தோற்றார், யாழ்ப்பாணத்தில் தமிழ்க் காங்கிரஸின் ஜீ. ஜீ. பொன்னம்பலம் தோற்றார். வீழ்த்தியவர்கள் மற்றத் தமிழ்க் கட்சியின் வேட்பாளர்கள். அந்த முறை ஒற்றுமையைத் தானாகக் கொண்டுவரவில்லை. பிளவுக்குக் கடுமையாகத் தண்டித்தது, அவ்வளவுதான். 2024 இன் சிதறலோடு பழைய 11 தொகுதிக்கும் தேர்தல் வைத்திருந்தால் 25 அல்லது 30 வீதத்தோடு முன்னுக்கு வருகிறவர் பெரும்பாலான தொகுதிகளை அப்படியே வாரியிருப்பார். மூன்று ஆசனத்துக்கே மனம் புழுங்குகிறவர்கள் அதை ஒரு தரம் கற்பனை செய்து பார்க்கலாம்.

ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே. ஆர். ஜெயவர்த்தன விகிதாசாரத்தைக் கொண்டுவந்தது சிறுபான்மையை நினைத்து அல்ல. 1970 இல் அவருடைய கட்சி 38 வீத வாக்கெடுத்து 17 ஆசனம்தான் பெற்றது. 37 வீதம் எடுத்த சுதந்திரக் கட்சிக்கு 91. இனியொருமுறை அப்படி நடக்கக்கூடாது, இனி எவருக்கும் ஆறில் ஐந்து பங்கு ஆசனம் கிடைக்கக்கூடாது, தான் எழுதிய யாப்பை எவரும் தொடக்கூடாது. கணக்கு அதுதான். 1978 யாப்பில் வெட்டுப்புள்ளி 12.5 வீதம். அது அப்படியே நின்றிருந்தால் சிறிய கட்சி ஒன்றும் தலையெடுத்திருக்காது. 1988 டிசெம்பரில் 15 ஆவது திருத்தம் அதை 5 ஆகக் குறைத்தது. அப்போதைய பிரதமர் பிரேமதாசவோடு பேரம் பேசி அதை வாங்கியவர் முஸ்லிம் காங்கிரஸின் எம். எச். எம். அஷ்ரப். இரண்டு மாதம் கழித்து நடந்த பொதுத்தேர்தலில் அவருடைய கட்சி பாராளுமன்றத்துக்குள் நுழைந்தது. அதே ஆண்டின் 14 ஆவது திருத்தம் தேசியப் பட்டியலையும் (நாடு தழுவிய வாக்கின்படி கட்சிகளுக்குப் பிரியும் ஆசனங்கள்) விருப்பு வாக்கையும் (பட்டியலுக்குள் வேட்பாளரைத் தெரிகிற வாக்கு) கொண்டுவந்திருந்தது. 1989 இல் மட்டக்களப்பில் தோற்ற அமிர்தலிங்கம் தேசியப் பட்டியல் வழியாகத்தான் சபைக்கு வந்தார்.

சரி, தொகுதிகள்? அவை சாகவில்லை, உயிரோடும் இல்லை. 1976 இல் பிரித்த 160 தொகுதிகளும் இன்றுவரை வாக்கெண்ணும் பிரிவுகளாக இருக்கின்றன. தேர்தல் இரவில் "ஊர்காவற்றுறைத் தொகுதி முடிவு", "பட்டிருப்புத் தொகுதி முடிவு" என்று வானொலியில் கேட்பது அதனால்தான். அந்த முடிவால் எவரும் தெரிவாவதில்லை. உறுப்பினர் மாவட்டம் முழுவதற்கும் சொந்தம், அதனால் எந்த ஊருக்கும் சொந்தமில்லை. நெடுந்தீவிலிருந்து கிளிநொச்சியின் தெற்கு எல்லைவரை ஒரே களம். கிளிநொச்சி 1984 இலேயே தனி நிர்வாக மாவட்டமாகிவிட்டது. தேர்தல் மாவட்டமாக அது இன்னும் யாழ்ப்பாணத்துக்குள்தான்.

விருப்பு வாக்கு இதில் ஒரு வேடிக்கையைச் செய்தது. தொகுதி இல்லை என்று சட்டம் சொன்னாலும் வேட்பாளர்கள் தங்களுக்கென்று ஒரு தொகுதியை உண்டாக்கிக்கொண்டார்கள். கிளிநொச்சியைப் பிடியாக வைத்திருந்த தமிழரசுக் கட்சியின் சிறீதரன் 2015 முதல் ஒவ்வொரு முறையும் தன் பட்டியலில் விருப்பு வாக்கில் முன்னுக்கு வந்ததும், 2024 இல் வீட்டுப் பட்டியலில் அவர் ஒருவரே தப்பியதும் இதனால்தான். மாவட்டம் முழுக்கப் பெயர் தெரிந்தவர் அல்லது ஓரிடத்தில் ஆழமாக வேர் விட்டவர், இந்த இருவகையினருக்குத்தான் விருப்பு வாக்கு ஒத்துவரும். நடுத்தரமான, நல்ல வேலைக்காரர்கள் ஒரே பட்டியலுக்குள் சொந்தக் கட்சிக்காரரிடமே அடிபட்டுப் போவார்கள்.

ஆசன எண்ணிக்கைக்கு வருவோம். தெரிவாகும் 196 இல் 160 வாக்காளர் தொகைப்படி பிரியும். மிச்சம் 36, மாகாணத்துக்கு நான்கு வீதம் ஒன்பது மாகாணத்துக்கும். சதுர மைல் கணக்கின் எச்சம் இந்த நான்கு. ஆனால் மேல் மாகாணத்துக்கும் நான்கு, வடக்குக்கும் நான்கு. வடக்கின் நான்கில் பெரும்பங்கு வன்னிக்கு (மன்னார், வவுனியா, முல்லைத்தீவு) போகிறது. அதனால் 2024 இல் யாழ்ப்பாணத்தில் சுமார் 593,000 வாக்காளருக்கு 6 ஆசனம், வன்னியில் 306,000 வாக்காளருக்கும் 6 ஆசனம். வன்னி வாக்காளரின் வாக்குக்கு யாழ்ப்பாணத்தவரின் வாக்கைப்போல ஏறத்தாழ இருமடங்கு பெறுமதி. யாழ்ப்பாணத்துப் பேச்சாளர்கள் இதை மேடையில் சொல்வதில்லை, வன்னியில் சொன்னால் அடி விழும்.

விகிதாசாரத்தில் ஆசனம் வாக்காளர் இடாப்பைத் தொடர்ந்து ஏறி இறங்கும். எல்லை நிர்ணய ஆணைக்குழு தேவையில்லை, விவாதம் தேவையில்லை, தேர்தல் ஆணைக்குழு கணக்குப் போட்டு அறிவித்துவிடும். 1989 இல் யாழ்ப்பாணத்துக்கு 11. 1994 இல் 10, பிறகு 9, 2015 இல் 7, 2024 இல் 6. போர், இடப்பெயர்வு, கனடா, ஐரோப்பா எல்லாம் அந்த எண்ணில் எழுதிக் கிடக்கின்றன. 2024 இல் யாழ்ப்பாணத்துக்கு ஒன்று குறைந்தபோது கம்பஹாவுக்கு ஒன்று கூடியது.

தொகைக்கு ஆசனம் என்ற விதி, வாக்களித்தவர் தொகையைப் பார்ப்பதில்லை. 1994 இல் யாழ் மாவட்டத்தில் நூற்றுக்கு மூன்று பேர்கூட வாக்களிக்கவில்லை. தீவகத்தில்தான் பெட்டி வைக்க முடிந்தது. ஏறத்தாழ 10,700 வாக்கெடுத்து ஈ.பி.டி.பி. 9 ஆசனங்களைப் பெற்றது. இதற்கு விகிதாசாரத்தைக் குற்றம் சொல்ல முடியாது, எந்த முறையும் போருக்குள் அப்படித்தான் நடக்கும். பத்தாண்டு கழித்து, 2004 இல், அதே மாவட்டத்தில் தமிழரசுக் கட்சியின் சின்னத்தில் நின்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 90 வீதத்துக்கு மேல் எடுத்து 9 இல் 8 ஐ வென்றது. 2015 இல் 69 வீதத்தோடு 7 இல் 5. 2020 இல் 31 வீதத்தோடு 7 இல் 3, மற்ற நான்கும் நான்கு கட்சிக்கு. வாக்கு குவிந்தபோது விகிதாசாரம் குவிந்த முடிவைத் தந்தது, சிதறியபோது சிதறிய முடிவை.

கிழக்கில் கதை வேறு. அங்கே தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் மாறி மாறி அடுக்கடுக்காக இருக்கிறார்கள். தொகுதிவாரி முறையில் கோடு கீறுகிறவருக்கு அது கொண்டாட்டம். 1959 எல்லை நிர்ணயத்தில் சிங்களவர் பெரும்பான்மையாக உள்ள அம்பாறைத் தொகுதி பிறந்தது. 1976 இல் அதேபோலச் சேருவிலத் தொகுதி பிறந்தது. குடியேற்றத் திட்டங்கள் சனத்தொகையை மாற்றின, அடுத்த எல்லை நிர்ணயம் அந்த மாற்றத்துக்கு ஆசனம் கொடுத்தது. கலந்து வாழ்ந்த இடங்களுக்கு இரட்டை அங்கத்தவர் தொகுதி என்ற மருந்தும் அப்போது இருந்தது. மட்டக்களப்பும் பொத்துவிலும் 1977 இல் அப்படி. பொத்துவிலில் ஒரு முஸ்லிமும் ஒரு தமிழரும் தெரிவானார்கள். மலையகத்தில் நுவரெலியா மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதி, மூன்றாமவராக மலையகத் தமிழர் தலைவர் தொண்டமான் வந்தார்.

இன்றைய திகாமடுல்ல (அம்பாறை) மாவட்டத்தில் தமிழர்கள் காரைதீவு, ஆலையடிவேம்பு, திருக்கோவில், கல்முனையின் ஒரு பகுதி என்று கரையோரமாகத் துண்டு துண்டாக இருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு தொகுதியைத் தொடர் நிலப்பரப்பாக வெட்டுவது அநேகமாக முடியாத காரியம். விகிதாசாரம் அவர்களுக்கு ஒரு வழி தருகிறது: எங்கிருந்தாலும் வாக்கு ஒரே பெட்டியில் சேரும். ஆனால் ஒரே பட்டியலில் சேர வேண்டும். 2020 இல் முன்னாள் புலித் தளபதி கருணாவின் அணியின் பட்டியல் சுமார் 29,000, தமிழரசுக் கட்சி சுமார் 25,000. இருவருக்கும் பூச்சியம். அதே தேர்தலில் முஸ்லிம் கட்சியான தேசிய காங்கிரஸ் சுமார் 39,000 வாக்கோடு ஓர் ஆசனம் எடுத்தது. இரண்டு தமிழ்ப் பட்டியலும் ஒன்றாக இருந்திருந்தால் 54,000 க்கு மேல், அந்த ஆசனம் கைமாறியிருக்கும். தமிழரசுக் கட்சி தன் ஒரே தேசியப் பட்டியல் இடத்தை அம்பாறைக்குக் கொடுத்துச் சமாளித்தது. 2024 இல் வாக்கு அவ்வளவாகப் பிரியாதபோது 33,000 சொச்ச வாக்கோடு தமிழரசுக் கட்சிக்கே அங்கே ஓர் ஆசனம் கிடைத்தது.

மட்டக்களப்பைப் பற்றி ஒரு வரி: 2024 இல் நாட்டின் 22 மாவட்டங்களில் தேசிய மக்கள் சக்தி முதலிடம் வராத ஒரே மாவட்டம் அது. தமிழரசுக் கட்சி 34 வீதத்தோடு 5 இல் 3 எடுத்தது. யாழ்ப்பாணத்தில் நம்மைக் கடித்த அதே போனஸ் அங்கே நம் பக்கம் நின்றது. அதை நாம் பேசுவதில்லை.

இனிக் கலப்பு முறை. ஊகம் தேவையில்லை, ஒரு தரம் பார்த்துவிட்டோம். 2018 பெப்ரவரி 10 உள்ளூராட்சித் தேர்தல் 60 வீதம் வட்டாரம், 40 வீதம் பட்டியல் என்று நடந்தது. கட்சி எடுத்த மொத்த வாக்கின்படி அதற்கு எத்தனை இடம் என்று கணக்கிட்டு, வட்டாரத்தில் வென்றதைக் கழித்து, மிச்சத்தைப் பட்டியலிலிருந்து கொடுப்பது முறை. உரியதைவிடக் கூடுதலாக வட்டாரம் வென்ற கட்சிக்கு அதைப் பறிக்க மாட்டார்கள், சபையின் பருமன் கூடும். நாடு முழுவதும் நாலாயிரத்துச் சொச்சமாக இருந்த உறுப்பினர் தொகை எட்டாயிரத்தைத் தாண்டிப் போனது. யாழ் மாநகர சபையின் 45 இல் தமிழரசு 16, தமிழ்க் காங்கிரஸ் 13, ஈ.பி.டி.பி. 10, மற்றவர்களுக்கு மிச்சம். தமிழரசுக் கட்சி முதல்வர் பதவியை எடுத்தது, 2020 கடைசியில் அது கைமாறியது. பல சபைகளில் வரவுசெலவுத் திட்டம் வருகிற மாதமெல்லாம் பேரம் பேசுகிற மாதமாகிவிட்டது. 2025 இலும் யாழ் மாநகரில் எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது: வட்டாரத்துக்கு ஒரு முகம் வந்தது. கான் அடைத்துக் கிடந்தால் யாரைத் திட்டுவது என்று சனத்துக்குத் தெரிந்தது. பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீடும் அந்தச் சட்டத்தோடுதான் நடைமுறைக்கு வந்தது.

மாகாண சபைக்கு 2017 இல் பாதிக்குப் பாதி என்று கலப்புச் சட்டம் வந்தது. தொகுதி பிரித்தால்தான் தேர்தல். பிரித்த அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 வாக்கு, ஆதரவாக ஒன்றுமில்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிராக வாக்களித்தார். கிழக்கு மாகாண சபை 2017 இலும் வடக்கு மாகாண சபை 2018 இலும் காலம் முடிந்து கலைந்தன. 2013 இல் 38 இல் 30 ஆசனத்தோடு கூட்டமைப்பு வென்றது அந்த வடக்குச் சபையைத்தான். பழைய முறையில் மாவட்ட எல்லை ஏற்கெனவே இருப்பதால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. தேர்தலைத் தள்ளிப்போட விரும்புகிறவருக்கு எல்லை நிர்ணயம் போல வசதியான சாட்டு வேறில்லை.

பாராளுமன்றத்துக்குக் கலப்பு வந்தால் யாழ்ப்பாணத்தில் எப்படியிருக்கும்? 6 ஆசனத்தைப் பாதிக்குப் பாதி பிரித்தால் தொகுதி மூன்று. பழைய பதினொன்றை மூன்றாக ஒட்ட வேண்டும். வலிகாமம் ஒன்று, வடமராட்சியும் தென்மராட்சியும் கிளிநொச்சியும் இன்னொன்று, யாழ் நகரமும் நல்லூரும் தீவகமும் மற்றொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு லட்சம் அளவில் வாக்காளர். ஒரு காலத்தில் தனித் தொகுதியாக இருந்த ஊர்காவற்றுறை நகரத்துக்குள் கரைந்துவிடும். "தொகுதி உறுப்பினர் திரும்பி வருவார்" என்று எதிர்பார்க்கிற தீவகத்தாருக்கு இது கிடைக்காது.

முடிவு எப்படி வரும் என்பது பட்டியல் ஈடு செய்கிறதா இல்லையா என்பதில் இருக்கிறது. நியூசிலாந்தில் 1996 முதல் இருக்கிற முறையில் பட்டியல் ஆசனங்கள் தொகுதியின் கோணலை நிமிர்த்தும். ஜப்பானில் அதே ஆண்டு முதல் நடக்கிற முறையில் தொகுதி தனி, பட்டியல் தனி, ஒன்றுக்கொன்று கணக்கில்லை. கால்வாசி வாக்கோடு மூன்று தொகுதியையும் ஒரு கட்சி வென்றால், ஜப்பான் முறையில் அதற்கு மேல் பட்டியலிலும் ஒன்று எடுத்து 4 ஆகும். நியூசிலாந்து முறையில் மாவட்ட அளவில் ஈடு செய்தால் அதற்கு உரியது ஒன்று அல்லது இரண்டு, வென்றதோ மூன்று. சபை பெருக்க வேண்டும் அல்லது மற்றவர்களின் பட்டியலில் வெட்ட வேண்டும். ஈடு செய்வதை மாகாண மட்டத்திலோ நாடு தழுவியோ வைத்தால் இந்தக் கோணல் குறையும். கிழக்கில் கதை இன்னும் சிக்கல். திகாமடுல்லவில் 7 இல் நான்கு தொகுதி என்றால் ஒன்றிலும் தமிழர் பெரும்பான்மையாக வர வாய்ப்பில்லை. ஈடு செய்யாத கலப்பு வந்தால் மிச்சமுள்ள மூன்று பட்டியல் ஆசனத்தில் ஒன்றைப் பிடிக்க மூன்றில் ஒரு பங்களவு வாக்கு தேவைப்படலாம். அது அவர்களிடம் இல்லை. சிதறி வாழும் முஸ்லிம்களுக்கும், கொழும்பில் இருக்கிற மலையகத் தமிழருக்கும் இதே கதிதான். கலப்பு என்றவுடன் முஸ்லிம் கட்சிகளும் மலையகக் கட்சிகளும் துள்ளி எழுவது வீண் பயம் அல்ல.

என் நிலைப்பாட்டைக் கேட்டால்: விகிதாசாரம் இருக்கட்டும், போனஸ் போகட்டும். அதற்குத் தொகுதியும் பிரிக்க வேண்டாம், எல்லை நிர்ணய ஆணைக்குழுவும் வேண்டாம். வடக்கை ஒரே மாவட்டமாக்கி 12 ஆசனம் கொடுத்தால் வாக்குக்கும் ஆசனத்துக்கும் பொருத்தம் கூடும் என்று சிலர் சொல்வார்கள். கணக்கின்படி அது சரிதான். ஆனால் வன்னியின் இருமடங்கு பெறுமதி அப்போது கரைந்துபோகும், மன்னார் முஸ்லிமும் வவுனியாச் சிங்களவரும் யாழ்ப்பாணக் கட்சிகளின் பட்டியலில் இடம் கேட்டு நிற்க வேண்டி வரும். அதனால் அதை நான் ஆதரிக்க மாட்டேன். வெட்டுப்புள்ளியையும் எடுக்கச் சொல்ல மாட்டேன். ஆறு ஆசன மாவட்டத்தில் அது இல்லாவிட்டாலும் ஒன்றரை வீதம், இரண்டு வீதம் எடுப்பவர்களுக்கு எதுவும் கிடைக்காது. எடுத்தால் எங்கே எந்த ஆசனம் யாரிடம் போகும் என்று முன்கூட்டிச் சொல்வதும் கடினம். மேலே நீங்களே பார்த்தீர்கள், வெட்டுப்புள்ளியை எடுத்த கணக்கில் வீடு இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கியது.

புதிய சட்டமூலம் வரும்போது "கலப்பு" என்ற தலைப்பை விட்டுவிட்டு, ஈடு செய்வது எந்த மட்டத்தில், பல அங்கத்தவர் தொகுதிக்கு இடமுண்டா, எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் நிராகரித்தால் பழைய முறையில் தேர்தல் நடக்குமா என்ற மூன்று வாசகங்களையும் தேடிப் படியுங்கள். மூன்றாவது வாசகம் 2017 சட்டத்தில் இருந்திருந்தால் வடக்கு மாகாண சபைக்கு 2018 இலேயே தேர்தல் வைத்திருக்கலாம்.